சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை: குட்டி நிலா ரோவர் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

நிலாவில் ஓட்டுவதற்கென்று கட்டப்படும் சின்ன ரோவர்களை, அதாவது 5 கிலோவிலிருந்து 30 கிலோ வரை உள்ள நான்கு சக்கர, ஆறு சக்கர வண்டிகளை, மணல் தொட்டியில் ஓட்டிப் பார்க்கும் குழு ஒன்றில் பழுது பார்ப்பது என் வேலை. ஆள் மாறினாலும் வண்டி மாறினாலும் வருவது என்னவோ அதே எட்டுக் கோளாறுகள்தான். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. கோளாறு வந்தால் முதல் பத்து நிமிடம் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. திரையில் வரும் எண்களை மட்டும் பார்த்து, என்னவாக இருக்கும் என்று தாளில் எழுதிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நிலாவில் நிற்கும் வண்டிக்கு நம் கை எட்டாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கை வைத்த மறுநொடி பாதித் தடயம் அழிந்துவிடும். லூஸாக இருந்த கனெக்டர் தொட்டதும் சேர்ந்துகொள்ளும், வண்டி சமர்த்தாக ஓடும், எல்லோரும் சாப்பிடப் போவார்கள், மறுநாள் அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

எழுதி வைக்க வேண்டியவை மூன்று: ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது, மெயின் லைனில் வோல்ட்டேஜ் எவ்வளவு, சக்கரம் சுற்றிய தூரத்துக்கும் வண்டி உண்மையில் போன தூரத்துக்கும் என்ன வித்தியாசம். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த மூன்றிலேயே பதில் இருக்கும்.

அப்புறம், நிலா மண்ணுக்குப் பதிலாக நாம் தொட்டியில் போடும் செயற்கை மண் மாவு மாதிரி பொடி, அதில் சிலிக்காவும் இருக்கும். முகக்கவசம் இல்லாமல் கிளறாதீர்கள். துணி முகக்கவசம் போதாது, என்-95 வேண்டும்.

1. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

முதலில் நிறுத்துங்கள். 'இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் கட்டுப்பாட்டுக் கருவியை அவர் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். சக்கரம் சும்மா சுற்றும் ஒவ்வொரு சுற்றும் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்வதுதான்.

பிறகு வழுக்கலைக் கணக்குப் போடுங்கள். 18 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 56 செ.மீ. சொச்சம் போக வேண்டும். கேமரா படத்திலோ டேப்பிலோ அளந்தால் 14 செ.மீ.தான் போயிருக்கிறது என்றால் முக்கால்வாசி வழுக்கல். எங்கள் பழக்கத்தில் 30 சதவீதம் வரை சரிவில் சாதாரணம், 30 முதல் 60 வரை வேறு வழி தேட வேண்டும், 60-ஐத் தாண்டினால் வண்டி நின்றாக வேண்டும். உங்கள் சக்கரத்துக்கு இந்த எல்லை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நீங்களே ஒரு நாள் உட்கார்ந்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

*மண் நேற்று இருந்த மாதிரி இருக்கிறதா?* சிரிக்காதீர்கள், முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நேற்று ஓடிய தடத்தில் மண் இறுகியிருக்கும், யாரோ கிளறிய இடத்தில் பொலபொலவென்று இருக்கும். ஒரே வண்டி ஒரே சரிவில் காலையில் ஏறி மாலையில் ஏறாமல் போனதற்கு இதைத் தவிர வேறு காரணமே இல்லாத நாட்கள் எத்தனையோ. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் முழுத் தொட்டியையும் ஒரே ஆழத்துக்குக் கிளறி, ஒரே பலகையால் மட்டம் தட்டுங்கள். மண்ணில் ஈரம் ஏறியிருந்தால் சக்கரப் பற்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும், சக்கரம் வழவழப்பான உருளை ஆகிவிடும். நிலாவில் ஈர மண் கிடையாது, அதனால் அந்தச் சோதனையையே தள்ளிவிட வேண்டியதுதான்.

*நின்ற இடத்திலேயே திருப்பினீர்களா?* சக்கரம் திரும்பாமல், இடது வலது வேக வித்தியாசத்தாலேயே திரும்பும் வண்டிகள் நின்ற இடத்தில் சுழன்றால் நான்கு மூலையிலும் குழி பறிக்கும். முன்னே நகர்ந்துகொண்டே அகலமான வளைவில் திருப்புங்கள்.

*பாரம் எந்தப் பக்கம்?* பின் சக்கரங்கள் மட்டும் புதைகின்றன என்றால் பேட்டரியை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி வைத்துப் பாருங்கள். செலவே இல்லாத வேலை, பல நேரம் இதுவே போதும்.

*பற்கள் போதுமா?* சக்கரத்தின் மேல் குறுக்கே நிற்கும் பற்களின் இடைவெளி அதிகமாக இருந்தால், ஒரு பல் மண்ணை விட்டு, அடுத்தது இறங்குவதற்குள் சக்கரத்தின் வழவழப்பான பகுதி மண்ணை முன்னால் தள்ளிவிடும். பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னால் மண் குவிந்து குவிந்து வருகிறது என்றால் பற்களைக் கூட்ட வேண்டும். புதுச் சக்கரம் வார்ப்பது கடைசிச் செலவு. அதற்கு முன் அட்டையில் வெட்டி ஒட்டிய பற்களை வைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிலாவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு என்பதால் வண்டியைக் கயிற்றில் தூக்கிப் பிடித்து எடையைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். 'பாருங்கள், புதையவே இல்லை!' என்று துள்ளுவார்கள். வண்டியின் எடைதான் குறைந்திருக்கிறது, மண் இன்னும் பூமி எடையில்தான் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு கெட்டியாக நிற்கிறது. நிலாவில் மண்ணும் அதே அளவு லேசாகி, பிடிப்பை இழந்திருக்கும். அந்தச் சோதனையில் கிடைத்த வழுக்கல் எண்ணை அப்படியே நம்பினால் ஏமாந்து போவீர்கள்.

மீட்பதற்கு முதல் வழி, வந்த தடத்திலேயே பின்னால் போவது. அந்த மண்ணைத்தான் உங்கள் வண்டியே அழுத்தி வைத்திருக்கிறது. எல்லாச் சக்கரமும் ஒரே மெதுவான வேகத்தில், ஒரு தடவைக்கு 5 செ.மீ., நிறுத்தி, படம் எடுத்து, மறுபடி 5 செ.மீ. சந்திரயான்-3-ல் நிலாவுக்குப் போன பிரக்யான் ரோவர் 2023 ஆகஸ்ட் 27 அன்று 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்றை 3 மீட்டர் தூரத்தில் கண்டபோது இஸ்ரோ செய்ததும் இதுதான்: வந்த வழியே திருப்பி, வேறு பாதையில் அனுப்பினார்கள். நொடிக்கு 1 செ.மீ. போகும் 26 கிலோ வண்டிக்கு வீரம் காட்டும் வேலை எதுவும் இல்லை.

*எப்போது விட்டுவிட வேண்டும்?* அச்சு வரை புதைந்து வண்டியின் வயிறு மண்ணில் பட்டுவிட்டால் சக்கரத்தை இனிமேல் சுற்றவே கூடாது, பாரம் முழுக்க வயிற்றுக்குப் போய்விட்டது. செவ்வாயில் ஸ்பிரிட் ரோவர் 2009 மே மாதம் மெல்லிய மேலோட்டுக்குக் கீழே இருந்த பொடி மண்ணில் இறங்கியது. மாதக்கணக்கில் முயன்றும் வெளியே வரவில்லை, 2010 ஜனவரியில் 'இனி இது நிலையான ஆய்வுக்கூடம்' என்று அறிவித்துவிட்டார்கள். தொட்டியில் உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டு பேராகச் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். சக்கரத்தையோ கேமராக் கம்பத்தையோ பிடித்துத் தூக்கினால் அடுத்த தலைப்பைப் படிக்க வேண்டி வரும்.

2. ஒரு சக்கரம் மட்டும் சுற்றவில்லை

இதில் ஆம்பியர் எண்ணே வழி காட்டிவிடும். அந்த மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள்.

*ஆம்பியர் பூஜ்யம் என்றால்:* மின்சாரமே போகவில்லை. கனெக்டர், பிறகு ஒயர், பிறகு மோட்டார் டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் சர்க்யூட்) என்ற வரிசையில் போங்கள். ஒயர் அறுவது பெரும்பாலும் சஸ்பென்ஷன் மடங்கும் மூட்டில்தான், வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து, மூட்டை முழுக்க மேலும் கீழும் அசைத்துக்கொண்டே பாருங்கள். அசைக்காமல் பார்த்தால் நல்ல ஒயர் மாதிரியே காட்டும். டிரைவர்தான் காரணமா என்று தெரிய, பக்கத்துச் சக்கரத்தின் பிளக்கை மாற்றிச் செருகினாலே போதும்.

*ஆம்பியர் எகிறுகிறது என்றால்:* எதுவோ இறுக்கிப் பிடித்திருக்கிறது. சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் கைக்கும் நடுவே கூழாங்கல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அச்சு உறை வழியாகத் தூசி உள்ளே போயிருக்கும். நிலா மண்ணைக் காற்றோ தண்ணீரோ உருட்டித் தேய்த்ததில்லை, ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி மாதிரி கூராக இருக்கும், மின்னூட்டம் ஏறி எதிலும் ஒட்டிக்கொள்ளும். நல்ல செயற்கை மண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான். இங்கே எல்லோரும் செய்யும் இரண்டு தப்புகள் உண்டு. ஒன்று, கம்ப்ரஸர் காற்றை வைத்து ஊதுவது, அது வெளியே நின்ற தூசியையும் உள்ளே தள்ளிவிடும். மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தள்ளி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். இன்னொன்று, கிரீஸ் வைப்பது. கிரீஸும் அந்தத் தூசியும் கலந்தால் அது சாணைக்கூழ், பற்சக்கரத்தையே அரைத்துவிடும். அது போக, சாதாரண கிரீஸ் வெற்றிடத்தில் ஆவியாகிக் கேமரா லென்ஸில் போய்ப் படியும், அதனால்தான் விண்வெளிக்குப் போகும் பாகங்களில் மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர் பூச்சோ, வெற்றிடத்துக்கென்றே செய்த சிறப்பு கிரீஸோ வைக்கிறார்கள்.

*ஆம்பியர் சரியாக இருக்கிறது, என்கோடர் (மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவி) காட்டும் எண் நகரவில்லை என்றால்:* சக்கரம் ஒருவேளை சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கேமராவில் பாருங்கள். என்கோடர் கேபிள்தான் கழன்றிருக்கிறது.

*ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை, என்கோடரும் ஓடுகிறது, சக்கரம் மட்டும் நிற்கிறது என்றால்:* இதுதான் எங்களை மூன்று நாள் அலைக்கழித்தது. டிரைவரை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், மோட்டாரையே மாற்றினோம். என்கோடர் எண்ணோ ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் யாரோ சக்கரத்தைக் கையால் லேசாகத் திருப்பினார்கள், அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் சொகுசாகச் சுற்றியது. சக்கர மையத்தை மோட்டார் தண்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூ, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது, அதிர்ந்து அதிர்ந்து கழன்று, தண்டின் தட்டையான முகத்தை விட்டு வட்டமான பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. என்கோடர் மோட்டார் பக்கம் இருந்ததால் அதற்கு எல்லாம் நலம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் திருகுப் பசை ஒரு சொட்டு, இறுக்கிய பிறகு ஸ்க்ரூ தலைக்கும் மையத்துக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது என்று தூரத்திலிருந்தே கேமராவில் தெரியும். மூன்று நாளும் பத்து நிமிட விதியை நாங்கள் காற்றில் விட்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்களை எழுதியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே மாட்டியிருக்கும்.

சரியாகாத சக்கரத்தோடும் ஓட்டலாம். ஆறில் ஒன்று போனால் அதை இழுத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். ஸ்பிரிட்டின் முன் வலது சக்கரம் 2006-ல் நின்றது, அதன் பிறகு பல காலம் அப்படித்தான் பின்பக்கமாக ஓட்டினார்கள். செத்த சக்கரம் உழுத தடத்தில்தான் 2007-ல் கிட்டத்தட்ட முழுக்க சிலிக்காவாலான வெள்ளை மண் வெளிப்பட்டது. நான்கு சக்கர வண்டிக்கு அந்த யோகம் குறைவு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

*எப்போது வேறொருவரிடம் கொடுக்க வேண்டும்?* சக்கரத்தைக் கழற்றி, பாரமே இல்லாமல் மோட்டாரை ஓட்டியும் ஆம்பியர் குறையவில்லை என்றால் கியர்பாக்ஸ் உள்ளேயே போயிருக்கிறது. மூடி முத்திரையிட்ட கியர்பாக்ஸை நீங்கள் பிரித்தால் மறுபடி அதே இறுக்கத்தில் சேர்க்க முடியாது. செய்தவருக்கே அனுப்புங்கள்.

3. பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறது, அல்லது கிடுகிடுவென இறங்குகிறது

முதலில் நிழல். கேமராக் கம்பத்தின் மெல்லிய நிழல் சோலார் பேனலில் ஒரே ஒரு செல் மேல் விழுந்தாலும், தொடராக இணைத்த வரிசை முழுக்க அந்தச் செல் அளவுக்குத்தான் மின்னோட்டம் தரும். வண்டியைப் பத்து டிகிரி திருப்பிப் பாருங்கள். எண் ஏறினால் வேலை முடிந்தது. நிலாவின் துருவப் பக்கம் சூரியன் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் அங்கே போகும் வண்டிகளில் பேனல் நிமிர்ந்து நிற்கும், நிழல்களோ மகா நீளம், அங்கே இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அடுத்து தூசி. பேனலைத் தனியாகக் கழற்றி, திறந்த நிலை வோல்ட்டேஜையும் இரண்டு முனையையும் இணைத்த நிலையில் ஆம்பியரையும் அளவெடுங்கள். வோல்ட்டேஜ் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் குறைந்திருந்தால் தூசி அல்லது நிழல். வோல்ட்டேஜ் ஒரு படி இறங்கியிருந்தால் ஒரு செல்லோ, கெட்ட செல்லைச் சுற்றி மின்சாரத்துக்கு வழி விடும் பைபாஸ் டையோடோ போயிருக்கிறது. இரண்டும் சரி என்றால் பேனலை விட்டுவிட்டு சார்ஜ் கன்ட்ரோலரைப் பாருங்கள். தூசியைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும், பிரஷ்தான்.

தூசி என்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சோவியத் ரோவர் லூனகோட்-2 போதும். 1973-ல் நிலாவில் 39 கிலோமீட்டர் ஓடிய வண்டி அது. மே மாதம் ஒரு பள்ளத்துக்குள் போனபோது திறந்திருந்த மூடி பள்ளச் சுவரில் உரசி மண்ணை அள்ளிக்கொண்டது. சோலார் பேனல் அந்த மூடியின் உட்பக்கம்தான் இருந்தது. இரவுக்காக மூடியபோது மண் கீழே இருந்த வெப்பம் வெளியேற்றும் தட்டில் கொட்டியது, மறுபடி திறந்தபோது வண்டி சூட்டைத் தள்ள முடியாமல் காய்ந்தது, கதை அத்தோடு முடிந்தது. ஆகவே பேட்டரி சூடாகிறது என்றால் பேனலை மட்டும் பார்த்து நிறுத்தாமல் வெப்பத் தட்டையும் பாருங்கள்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மெயின் லைனில் ஆம்பியர் ஓடுகிறதா? ஹீட்டர் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது, குளிர்ப்பெட்டியில் வைத்துச் சோதிக்கும்போது சார்ஜ் ஏறவில்லையா? அது கோளாறே இல்லை. லித்தியம் அயன் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும், பாதுகாப்புச் சுற்று அதைத் தடுக்கிறது. அந்தப் பாதுகாப்பைத் தாண்டி ஏற்ற வழி தேடாதீர்கள், ஹீட்டரை முதலில் ஓட விடுங்கள்.

*எப்போது நிறுத்த வேண்டும்?* பேட்டரி உப்பியிருந்தால், இனிப்பான ஒரு வாடை வந்தால், எதுவும் ஓடாதபோதும் சூடாக இருந்தால், அதோடு உங்கள் பங்கு முடிந்தது. வெளியே, எரியாத பரப்பில் வைத்துவிட்டு, பேட்டரி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

4. ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக ரீபூட் ஆகிறது

எப்போது ஆகிறது என்பதே பதில். கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் ஆனால் மென்பொருள், எங்கோ வேலை சிக்கி, வாட்ச்டாக், அதாவது கணினி உறைந்தால் அதை மறுபடி கிளப்பும் காவல் டைமர், எழுப்பிவிடுகிறது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது ஆனால் ஒயர், கனெக்டரை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் ஆனால் சூடு. மோட்டார் கிளம்பும் நொடியில் ஆனால் வோல்ட்டேஜ் சரிவு.

கடைசியாகச் சொன்னதுதான் பத்தில் ஏழு தடவை. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு ஆம்பியரை ஒரு கணம் இழுக்கும். ஆறும் ஒன்றாகக் கிளம்பினால் லைன் சரிந்து கணினி மயங்கி விழும். பெரிய பேட்டரி வாங்க ஓடாதீர்கள். சக்கரங்களை 200 மில்லிநொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளப்புங்கள், வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். நிரலில் நாலு வரி வேலை.

ரீபூட்டுக்கு முந்தைய நொடியின் பதிவு அழிந்துபோகிறது என்று சொல்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வோல்ட்டேஜை நொடிக்குப் பத்து தடவை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதுங்கள், இல்லையென்றால் குருடன் யானையைத் தடவுகிற கதைதான். உலர்ந்த மண்ணில் ஓடி ஓடிச் சட்டத்தில் ஏறும் நிலை மின்சாரமும் சில நேரம் காரணமாக இருக்கும். சட்டத்தின் எல்லாப் பாகமும் ஒரே தரைப்புள்ளியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்வெளிக் கதிர் பட்டு நினைவகத்தில் ஒரு பிட் புரளும் கோளாறைத் தொட்டியில் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கதிர்வீச்சுச் சோதனைக் கூடம்தான் வழி.

5. சிக்னல் அறுந்து அறுந்து வருகிறது

முதலில் மறுமுனையைப் பாருங்கள். சின்ன ரோவர்கள் பெரும்பாலும் பூமியோடு நேராகப் பேசுவதில்லை. பிரக்யான் பேசியது, அதைச் சுமந்துகொண்டு நிலாவில் இறங்கிய விக்ரம் லேண்டரோடு மட்டும். 2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம் லேண்டரோடு போன, 250 கிராம் சொச்சமே எடையுள்ள எல்இவி-2 பந்து, ஸ்லிம் தலைகுப்புற நிற்கும் படத்தை இன்னொரு குட்டி வண்டியான எல்இவி-1 வழியாகத்தான் அனுப்பியது. ஆகவே ரோவரைப் பிரித்துப் போடுவதற்கு முன் லேண்டர் பக்கத்து ஆன்டெனா கேபிளைக் கையால் இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

வண்டியை 90 டிகிரி திருப்பினால் சிக்னல் வருகிறதா? அப்படியென்றால் வண்டியின் உடம்போ கம்பமோ மறைக்கிறது. தூரம் போகப் போக மங்குகிறதா? ஆன்டெனா தரைக்கு மிக அருகில் இருக்கிறது. நிலா சின்ன உருண்டை, ஆரம் 1,737 கிலோமீட்டர்தான். சமதரையிலேயே 30 செ.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் வந்துவிடும். மேடு பள்ளம் இருந்தால் அதற்கும் வெகு முன்னாலேயே.

எல்லாம் சரி, ஆனாலும் 'பதில் இல்லை' என்று வருகிறது என்றால் உங்கள் மென்பொருள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பாருங்கள். சிக்னல் நிலாவுக்குப் போக 1.3 நொடி, வர 1.3 நொடி. தொட்டியில் எல்லாம் உடனுக்குடன் நடப்பதால் ஒரு நொடி காத்திருந்தால் போதும் என்று எழுதி வைத்துவிடுவார்கள். மூன்று நொடித் தாமதத்தைச் செயற்கையாகப் போட்டதும் ஒவ்வொரு கட்டளையும் தோற்றுப்போனதாக நினைத்து மறுபடி மறுபடி அனுப்பும், வண்டி ஒரே கட்டளையை நாலு தடவை செய்துவிட்டுப் பள்ளத்தில் நிற்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு எண் கொடுங்கள், ஏற்கெனவே செய்த எண் மறுபடி வந்தால் வண்டி அதைத் தள்ளிவிட வேண்டும். லூனகோட் காலத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஓட்டினார்கள், அதில் ஒருவருடைய வேலையே ஆன்டெனாவைப் பூமியை நோக்கிப் பிடித்து வைப்பதுதான். இன்று அந்த ஆளின் இடத்தில் நாலு வரி நிரல் இருக்கிறது, அதை யாரும் சோதிப்பதில்லை.

6. படத்தில் பள்ளம் தெரியவில்லை

சூரியன், அதாவது தொட்டியில் உங்கள் விளக்கு, கேமராவுக்கு முதுகுப்பக்கம் இருக்கிறதா? நிழல்கள் அந்தந்தக் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், தரை முழுக்க வெள்ளையடித்த சுவர் மாதிரி தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி பாதையை வளையுங்கள். கறுப்பு வானத்தைப் பார்த்து ஏமாந்து தானியங்கி எக்ஸ்போஷர் தரையைப் பொசுக்கிவிடும், படத்தின் கீழ்ப்பாதியை மட்டும் வைத்து வெளிச்சத்தை அளக்கச் சொல்லுங்கள். கம்பத்தைத் திருப்பினாலும் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி லென்ஸ் தூசி.

7. வண்டி ஒரு இடத்தில் நிற்கிறது, வரைபடம் வேறு இடத்தைக் காட்டுகிறது

சக்கரச் சுற்றை எண்ணி இடம் கணக்கிட்டால் வழுக்கல் எல்லாம் தூரமாகக் கணக்கில் ஏறும். முதல் தலைப்பில் அளந்தீர்களே, அந்த எண்ணை இங்கே கழியுங்கள். திசைக்குக் காந்தமானியை நம்பியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள், பூமிக்கு இருப்பதுபோல் நிலா முழுவதற்குமான காந்தப்புலம் கிடையாது. வண்டி எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் ஜைரோ மெல்ல மெல்ல விலகிப்போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிடம் அசையாமல் நின்று, அதன் பூஜ்யத்தைப் புதுப்பிக்க வேண்டும். கொஞ்ச தூரம் போ, நில், இரட்டைக் கேமராவில் படம் எடு, இடத்தைத் திருத்து. பிரக்யானும் ஒரே மூச்சில் ஓடவில்லை, கேமரா கண்ட தூரம் வரைதான் ஒவ்வொரு கட்டளையும்.

8. இரவு முடிந்தும் எழவில்லை

நிலாவின் இரவு பூமிக் கணக்கில் 14 நாள் சொச்சம், நிலநடுக்கோட்டுப் பகுதியிலேயே மைனஸ் 130 டிகிரிக்குக் கீழே போகும். பிரக்யானை 2023 செப்டம்பர் 2 அன்று பேட்டரி முழுக்க ஏற்றி, பேனலை அடுத்த உதயத்தை நோக்கி நிறுத்தி, ரிசீவரை மட்டும் விழிப்பில் வைத்துத் தூங்கப் போட்டார்கள். 22-ந் தேதி கூப்பிட்டும் பதில் வரவில்லை. ஒரு பகலுக்கென்றுதான் அதைக் கட்டியிருந்தார்கள், எழுந்திருந்தால் அது கொசுறு. சீனாவின் யூடு 2014 ஜனவரியில், இரண்டாவது இரவுக்கு முன்னால் நகரும் திறனை இழந்தது, ஆனாலும் கதிரியக்க ஹீட்டர் இருந்ததால் இரவு இரவாகத் தாண்டி 2016 வரை நின்ற இடத்திலிருந்தே பேசியது.

குளிர்ப்பெட்டிச் சோதனை முடிந்து வண்டி எழவில்லை என்றால் அவசரப்பட்டுச் சுவிட்ச் போடாதீர்கள். கதவைத் திறந்ததும் காற்றிலுள்ள ஈரம் போர்டு மேல் பனியாகப் படியும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும், அதற்கு ஒரு ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

பிறகு பேட்டரி வோல்ட்டேஜ். குறைந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருக்கும். அதைத் திறக்க மின்சாரம் வேண்டும், மின்சாரம் வர அது திறக்க வேண்டும்! இந்த முடிச்சு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேனலை மட்டும் விளக்குக்குக் கீழே வையுங்கள். பேனல் மின்சாரத்திலேயே கணினி எழுகிறதா? எழவில்லை என்றால் நிலாவில் உங்கள் வண்டி எழாது.

எழுந்து, அணைந்து, எழுந்து, அணைந்து என்று கோழித்தூக்கம் போடுகிறது என்றால் விழிக்கும் வோல்ட்டேஜ் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. காலைச் சூரியன் சாய்வாக விழும்போது பேனலில் வோல்ட்டேஜ் வந்துவிடும், ஆனால் கணினியைத் தாங்கும் ஆம்பியர் வராது. எங்கள் வண்டி ஒரு சோதனையில் இப்படி நாற்பது தடவைக்கு மேல் எழுந்து விழுந்தது, ஒவ்வொரு தடவையும் ஹீட்டரை முதலில் போட்டு, இருந்த கொஞ்சத்தையும் அதற்கே கொடுத்துவிட்டது. இப்போது எழுந்ததும் எதையும் போடாமல், பேனல் ஆம்பியரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் ஆறு மணி நேரம் கழித்து எழுப்பு என்று டைமர் வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறது.

மின்சாரம் எல்லா இடத்துக்கும் போகிறது, கணினி மட்டும் எழவில்லை, போர்டை விரலால் அழுத்தினால் எழுகிறது என்றால் குளிரில் சால்டர் விரிசல் விட்டிருக்கிறது. சிப்புக்கு அடியில் இருக்கும் சால்டர் உருண்டைகளைக் கண்ணால் பார்க்க முடியாது. ஹாட் ஏர் கன்னை எடுத்துக் கிளம்பாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கத் தெரிந்த இடத்துக்கு, எந்த மூலையை அழுத்தினால் எழுகிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் குறியிட்டு, போர்டை அப்படியே அனுப்புங்கள்.